எடைமேடைச் சட்டம் எழுதியவர்

காய்ந்த தயிர்க்கட்டி ஒன்றை எடுத்து இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார் என்றால், எனெபிஷ் சட்டப்பிரிவு எழுத உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். கல்லாட்டம் இருக்கும் அந்தக் கட்டி கரைந்து முடிவதற்குள் பிரிவு முடிந்துவிட வேண்டும். முடியவில்லையென்றால் பிரிவு நீளம், வெட்ட வேண்டியதுதான். நாடாளுமன்றத்தின் சட்டவரைவு அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகளாக இதுதான் அவருடைய அளவுகோல். ஒருமுறை அவசரத்தில் கட்டியைக் கடித்து, கடைவாய்ப் பல் ஒன்று போயே போய்விட்டது. அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்தது ஆட்டு வரிச் சட்டம். "அந்த வரியால நஷ்டப்பட்ட ஒரே ஆளு நான்தான்" என்று இன்றைக்கும் ஓட்டையைத் திறந்து காட்டுவார்.

வயது ஐம்பத்தொன்பது. வருகிற மே மாதம் ஓய்வு. பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை, அதில் வலது முழங்கை மட்டும் தேய்ந்து கிழிந்திருக்கும். எழுதுகிற கைக்கு அதுதான் சம்பளம் என்பார். அவருடைய அறை சிற்றுண்டிச்சாலையின் பின்புறத்தைப் பார்த்தது. மங்கோலியத் தலைநகர் உலான் பத்தூரில் பனிக்காலம் முழுக்க ஊரே நிலக்கரிப் புகை குடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் ஆட்டுக்கறி வேகும் ஆவி குடித்துக்கொண்டிருப்பார். மேசையில் இரண்டு பென்சில்கள், ஒன்று நீளம், ஒன்று கட்டை. "நீளமா இருக்கே, அது சட்டம் போடறதுக்கு. கட்டையா இருக்கே, அது போட்ட சட்டத்தை எடுக்கறதுக்கு. எதுக்கு வேலை ஜாஸ்தின்னு பாத்துக்குங்க."

சும்மா சொல்லும் பேச்சில்லை. சுரங்கங்களிடம் அரசு வாங்கும் ராயல்டி விகிதத்தை நினைத்த நேரத்தில் நினைத்தபடி ஏற்றி இறக்கக் கூடாது என்று அரசின் கையைக் கட்டும் சட்டத்தை அவர் ஆறு முறை எழுதியிருக்கிறார். ஆறும் அற்பாயுசு. முதலாவது பதினோரு மாதம் இருந்தது. நான்காவது ஒரு குளிர்காலம் தாங்கவில்லை. ஐந்தாவது, அரசிதழில் அச்சான மை காய்வதற்குள் செம்பு விலை எகிற, போய்ச் சேர்ந்தது. அதிகம் வாழ்ந்தது மூன்றாவது. இரண்டு ஆண்டும் ஒரு மாதமும். ஆறில் நான்கை நீக்குவதற்கான சட்டத்தையும் எழுதியவர் இவரேதான். வேறு யாருக்குப் பிரிவுகளின் எண் மனப்பாடம்? பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டுகிற வேலைக்கு அரசாங்கம் மாதச் சம்பளம் தருகிறது என்பதில் அவருக்கு ஒரு வெட்கம் கலந்த வியப்பு உண்டு.

"அரசாங்கத்தைக் குத்தம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?" என்பார். "நான் இதுவரைக்கும் பதினாலு தடவ சிகரெட்ட விட்டிருக்கேன். ஒவ்வொரு தடவையும் 'அவசர நிலை நீங்கலாக'ன்னு ஒரு உட்பிரிவ நானே சேத்துக்குவேன். அப்புறம் மாசத்துல முப்பது நாளும் அவசர நிலைதான்."

அவருடைய மனைவி செர்மா ஒரு பாலர் பள்ளியில் சமையல்காரி. நாக்கு கொஞ்சம் காரம். ராயல்டி விஷயத்தில் கணவரோடு அவளுக்கு ஒத்துப்போனதே இல்லை. "மலை நம்ம எல்லாரோடதும். கல்லுக்கு வெல ஏறினா நாமளும் ஏத்தத்தான் வேணும். கம்பெனிக்காரனுக்கு எதுக்கு வாக்குக் குடுக்கணும், கிழவா?" என்று கேட்பாள்.

"ஏத்தட்டுமே. யாரு வேணாங்கறா? சொல்லிட்டு ஏத்தட்டும். நீ சோத்துக்கு உல வெச்சப்புறம் வந்து பத்துப் புள்ளைங்க ஜாஸ்தின்னு சொன்னா நீ சும்மா இருப்பியா?"

உப்புப் போட்ட பால்தேநீரைக் கிண்ணத்தில் டொக்கென்று வைப்பதுதான் அதற்கு அவள் பதில்.

எனெபிஷ் என்ற பெயருக்கு 'இது இல்லை' என்று அர்த்தம். இவருக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை. நான்காவதைத் தேடிக்கொண்டு வரும் கெட்ட ஆவி, "இதுவா?" என்று கேட்டால், "இது இல்லை" என்று திரும்பிப் போகட்டும் என்று அம்மா வைத்த பெயர். குப்பையில் போட்டு எடுத்துக் குப்பன் என்று வைப்பது போலத்தான். ஆவி ஏமாந்தது. ஆள் ஐம்பத்தொன்பது வயது வரை வந்துவிட்டார். ஆகவே அந்த முறையில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

ஏழாவது முறையாக அதே சட்டத்தை எழுதச் சொன்னபோது அவருக்கு இந்த யோசனை வந்தது. மூன்று உறுப்பினர்கள் கொண்ட பணிக்குழு உள்ளடக்கத்தை முடிவுசெய்துவிட்டது. அதை எந்தச் சட்டத்தில் வைப்பது, என்ன தலைப்புக் கொடுப்பது என்பதை வழக்கம்போல இவரிடம் விட்டார்கள். முன்பு ஆறு முறையும் ஆடம்பரமான பெயர்கள்: முதலீட்டு நிலைத்தன்மை, நெடுங்கால நம்பிக்கை என்று காதில் தங்கக் கடுக்கன் போட்டுச் சந்தைக்கு அனுப்பின பிள்ளைகள். கண் படாமல் என்ன செய்யும்? இந்த முறை எனெபிஷ் ஒரு தயிர்க்கட்டியை ஒதுக்கிக்கொண்டு தலைப்பு எழுதினார்: 'சுரங்க எடைமேடைப் பதிவுப் படிவங்களில் சில மாற்றங்கள் செய்யும் சட்டம்.' சுரங்க லாரிகளை எடைபோடும் இடத்தில் நிரப்பும் படிவத்தின் நீளம், அகலம், மையின் நிறம் என்று பதின்மூன்று பிரிவுகள். பதினான்காவதில் மூன்றாம் உட்பிரிவாக விஷயம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு போதுமான அளவுக்குச் சப்பென்று இருந்தால் யாரும் கிளறிப் பார்ப்பதில்லை என்பதை அவர் கண்டுபிடித்தார்.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் மசோதா எடுத்துக்கொள்ளப்பட்டது. பதினொரு நிமிடத்தில் நிறைவேறியது. அச்சான முதல் பிரதியை அறைக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பச்சைக் குழந்தையின் நெற்றியில் கரி தீற்றுகிற மாதிரி, முதல் பக்கத்தின் நடுவில் பென்சில் கரியால் ஒரு தீற்று தீற்றினார். சட்டம் படித்த ஆள், சோஷலிச காலத்தில் லெனின்கிராடில் பட்டம் வாங்கியவர், செய்கிற காரியமா இது? அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் துடைக்கவில்லை.

பிள்ளையைப் புகழக் கூடாது, வயதைச் சொல்லக் கூடாது, இருப்பதையே காட்டிக்கொள்ளக் கூடாது. அவர் வாயைத் திறக்கவில்லை. செர்மாவிடமே "எடைமேடை விஷயம் ஒண்ணு, சும்மா" என்றார். தேர்தல் வந்தது. பணிக்குழுவில் இரண்டு பேர் தோற்று இதை மறந்தே போனார்கள், ஒருவர் தூதராகி எங்கோ வெயில் அடிக்கிற நாட்டுக்குப் போய்விட்டார். வரைவு அலுவலகத்துக்குப் புதிய தலைவராக ஒச்சிர் வந்தான். நாற்பது வயது, நல்ல பையன், பயந்த சுபாவம். அந்த உட்பிரிவு உயிரோடிருப்பதை அறிந்த மனிதர் இந்த நாட்டில் எனெபிஷ் ஒருவர்தான் என்றாகிவிட்டது. பத்தொன்பது மாதம் ஓடிவிட்டது. இன்னும் ஆறு மாதம் போனால் மூன்றாவது சட்டத்தின் ஆயுளை எட்டிவிடும். ஓய்வுபெறும் நாளில் யாரிடமும் சொல்லாமல் தனியாக ஒரு குவளை ஊற்றிக்கொள்வது என்று முடிவுசெய்திருந்தார்.

இந்த டிசம்பரில் அரசு ஓர் ஆணை போட்டது. உருக்காலைகளுக்குப் போகும் ஊதாக்கல் என்கிற ஃபுளோரைட் தாதுவுக்கான ராயல்டி ஐந்து சதவீதத்திலிருந்து ஒன்பதாகிறது. ஜனவரி முதல் தேதியிலிருந்து.

செய்தியைப் படித்த எனெபிஷ் முதலில் மெல்லச் சிரித்தார். போடட்டும், மாட்டிக்கொள்வார்கள் என்று காத்திருந்தார். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. ஒருவரும் மூச்சுவிடவில்லை. அமைச்சகத்து வழக்கறிஞர்கள் கனிமச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, தடை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சுரங்கக்காரர் சங்கத்து வழக்கறிஞர்களும் அதே கனிமச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்து, தடை எதுவும் இல்லையே என்று அழுதார்கள். எடைமேடைப் படிவத்தை யார் புரட்டுவார்? அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை டுல்மா வந்தாள். கிழக்கே கென்டிப் பக்கம் ஊதாக்கல் தோண்டும் ஒரு சின்னச் சுரங்கத்தை நடத்துகிறவள். செர்மாவுக்குத் தூரத்து உறவு. இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்திருந்தாள். உலர்ந்த மாட்டிறைச்சி ஒரு பை நிறைய. புருவத்தில் பனி இன்னும் கரையவில்லை.

"அண்ணே, திங்கக்கிழமையோட மூடறேன்" என்றாள், கோட்டைக்கூடக் கழற்றாமல். "நாப்பத்து மூணு பேரு. ஆறு வருஷத்துல நாலு தடவ மாத்திட்டாங்க. ஒவ்வொரு தடவையும் பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பி, கைகால்ல விழுந்து மறுபடி கூட்டியாந்தேன். இந்தத் தடவ அனுப்பினா ஒருத்தன் வரமாட்டான். அஞ்சா ஒம்போதான்னு நான் கேக்கல அண்ணே. ஒம்போதுன்னா ஒம்போது. அதுலயே நில்லுன்னுதான் கேக்கறேன்."

எனெபிஷ் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலெக்சனுக்கு முன்னால, எழுத உக்காரும்போது, இப்படி ஒரு சட்டம் வருதுன்னு சொன்னீங்களே, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவதான் மாத்தலாம்னு. சங்கத்துல கேட்டேன். அதெல்லாம் குழுவுலயே செத்துப்போச்சு, அப்படிப் பேருல சட்டமே இல்லன்னுட்டாங்க."

"அது…" என்றார் எனெபிஷ். "எடைமேடை…"

"என்ன மேடை?"

அவர் சொல்லிவிட்டார். முதலில் தயங்கி, பிறகு ஒரே மூச்சில், தலைப்பு, பதினான்கு, மூன்று, கரித்தீற்று உட்பட. டுல்மா அவரைப் பார்த்த பார்வையில் கோபமா நன்றியா என்று தெரியவில்லை. இரண்டுமாக இருந்திருக்கலாம். பேசியது செர்மாதான்.

"யோவ் கிழவா! எங்க பள்ளிக்கூடத்துல ஒரு பையன் பேரு 'மனுசன் இல்ல'. அவனுக்கும் ஆவிக்குப் பயந்துதான் அந்தப் பேரு வெச்சாங்க. ஆனா சோத்துக்குக் கூப்பிட்டா மொத ஆளா வந்து நிப்பான். ஏன்னா அவங்கம்மா அந்தப் பேர எங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்கா! பேய ஏமாத்தச் சொன்னா, நீ பெத்த தாயையும் சேத்து ஏமாத்திட்டு உக்காந்திருக்கியே. யாருக்கும் தெரியாத சட்டம் யாருக்குய்யா சோறு போடும்?"

"வெளிய தெரிஞ்சா வர்ற கூட்டத்தொடர்லயே கொன்னுருவாங்க, செர்மா."

"தெரியலன்னா? இப்ப மட்டும் அது உசுரோடயா இருக்கு?"

அன்று அவர் பதினைந்தாவது முறையாக விட்டிருந்த சிகரெட்டை வாசலில் நின்று மூன்று குடித்தார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பது பாகைக் குளிர். அவசர நிலைதான், ஐயமில்லை. முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து, உருப்படியாக ஒளித்துவைக்கக் கற்றுக்கொண்டதைத் தவிர வேறென்ன செய்தோம் என்று நினைத்தபோது, அவருக்குத் தன் மேலேயே அசட்டுச் சிரிப்பும் அதற்குப் பின்னால் கொஞ்சம் அழுகையும் வந்தன. உள்ளே போய் டுல்மாவிடம், "புதன்கிழமை வரைக்கும் ஒருத்தரையும் அனுப்பாத" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை நிலைக்குழு அந்த ஆணையை எடுத்துக்கொண்டது. பெரிய மேசையைச் சுற்றி உறுப்பினர்கள். அலுவலர்களுக்குச் சுவரோரம் நாற்காலி வரிசை. கேட்டால் ஒழிய அலுவலர் பேசக் கூடாது. கேட்பதும் வழக்கமில்லை. எனெபிஷ் ஒச்சிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்து ஒரு துண்டுத் தாளில் ஒரு வரி எழுதி, குழுத் தலைவரிடம் கொடுக்கச் சொல்லி நீட்டினார். ஒச்சிர் படித்தான். முகம் சுண்டிப்போயிற்று.

"அண்ணே," என்று காதருகே கிசுகிசுத்தான், "மே மாசம் உங்களுக்குப் பதக்கம். பட்டியல்ல பேரு ஏறியாச்சு. நானே எழுதிக் குடுத்தேன். அஞ்சு மாசம், அண்ணே. அஞ்சே மாசம் வாயத் தொறக்காம இருங்க."

"நான் எங்கப்பா வாயத் தொறந்தேன்? தாளுதானே குடுத்தேன். குடு."

தாள் கைமாறிக் கைமாறித் தலைவரிடம் போயிற்று. அமைச்சகத்துத் துணைச்செயலர் அப்போதுதான், அரசின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் நடைமுறையில் இல்லை என்று முடித்திருந்தார். தலைவர் தாளைப் பார்த்தார், கண்ணாடியை இறக்கிவிட்டு மறுபடி பார்த்தார். எடைமேடைச் சட்டத்தைக் கொண்டுவரச் சொன்னார். சிரிப்பு எழுந்தது. நூலகத்திலிருந்து பிரதி வருவதற்கு ஏழு நிமிடம் ஆயிற்று. சிரிப்பு அது வரை தாங்கியது.

தலைவர் எழுந்து நின்றே படித்தார்.

"பதினாலு, மூணு. கனிம ராயல்டி விகிதத்தை அரசு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றக் கூடாது. மாற்றினாலும், அறிவித்த நாளிலிருந்து ஓராண்டு முடியும் முன் அது நடைமுறைக்கு வராது."

ஒரு தயிர்க்கட்டி கரைவதற்குள் எழுதி முடித்த இரண்டு வரிதான். அதை இன்னொருவர் வாயால், அத்தனை பேர் நடுவில், ஒருவரும் இருமாமல் கேட்டபோது எனெபிஷுக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தான் எழுதிய ஒன்று நன்றாக இருக்கிறது என்று முப்பத்தோரு ஆண்டில் அவர் நினைத்தது அதுதான் முதல் தடவை. உடனே தன்னைத் திட்டிக்கொண்டார்.

துணைச்செயலர் தம் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். அதில் எடைமேடை இல்லை. கடைசியாக மாற்றி எத்தனை ஆண்டாயிற்று என்று தலைவர் கேட்டார். இரண்டு என்று பதில் வந்தது. "அப்ப இந்த ஆணை செல்லாது. முதல் தேதியும் கிடையாது, ஒம்போதும் கிடையாது" என்றார் தலைவர்.

"வசந்தக் கூட்டத்தொடர்ல இந்த உட்பிரிவையே எடுத்துரலாங்க ஐயா" என்றார் துணைச்செயலர்.

"அத அப்பப் பாப்போம்." தலைவர் பிரதியை மேசையில் போட்டார். அசட்டுத்தனமாகப் பத்தொன்பது மாதம் ஏமாந்திருந்த கோபம் இப்போதுதான் அவருக்கு மெல்ல ஏறியது. சுவரோர வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இத எந்தக் கழுத எடைமேடைக்குள்ள கொண்டுபோய்ச் சொருகினது?"

ஒச்சிர் சட்டென்று எழுந்துவிட்டான். நல்ல பையன். "அது போன நாடாளுமன்றத்துப் பணிக்குழு கூட்டா எடுத்த முடிவுங்க ஐயா. வரைவுக்குத் தனியா ஒருத்தர் பேருன்னு வழக்கத்துல கிடையாதுங்க." சொன்னதில் பொய் எதுவும் இல்லை. சட்டங்களுக்கு எழுதினவர் பெயர் போடுவதில்லைதான். தலைவரும் போகட்டும் என்பது போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். அடுத்த பொருளுக்கான தாள்கள் புரளும் சத்தம் கேட்டது.

சுவரோர வரிசையில் கம்பளிச் சட்டையணிந்த ஒரு கை, முழங்கைக் கிழிசல் எல்லாருக்கும் தெரியும்படி, மேலே உயர்ந்தது.